சோள வரிசையும் பால்மர நிரையும்

1945ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள ஒரு சிறு பண்ணைக்கு, பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளின் மனநலத்தைக் கவனித்துவந்த மருத்துவர் லியோ கன்னர், ஒரு பிள்ளையைப் பார்த்து வருவதற்காகச் சென்றார். இரண்டாண்டுகளுக்கு முன் அவர் எழுதி வெளியிட்ட கட்டுரையே, ஆட்டிசம் என்னும் நிலையை மருத்துவ உலகம் தனியாக இனங்கண்டுகொள்வதற்கு வழிகோலியது; அதில் அவர் விவரித்திருந்த 11 குழந்தைகளுள் முதற் குழந்தையாகிய டொனால்டு டிரிப்லெட்டைத்தான் அவர் காண வந்திருந்தார். அந்தப் பிள்ளையை அவனுடைய பெற்றோர் 1942இல் தங்கள் வீட்டிலிருந்து சுமார் பத்து மைல் தொலைவில் வாழ்ந்த ஒரு விவசாயத் தம்பதியரின் பொறுப்பில் விட்டிருந்தனர். எண்ணுவதும் அளப்பதும் அவன் சுபாவம். சோளக்கொல்லையின் வரிசைகளை அவன் ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்ததைக் கண்ட அத்தம்பதிகள், எண்ணாதே என்று அவனைத் தடுக்கவில்லை. ஏரைக் கையில் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். அளக்கும் ஆசையை, கிணறு தோண்டி அதன் ஆழத்தை அளந்து சொல்லும் வேலைக்குத் திருப்பினார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் அவன் பொறுக்கிச் சேர்த்தபோது, அவற்றைப் புதைப்பதற்கு ஓரிடத்தை ஒதுக்கி, அடையாளப் பலகைகளை நடச் செய்தார்கள். கன்னர் சென்றிருந்த அன்று, அவன் நீண்ட ஆறு வரிசைகளைத் தானே உழுது, ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் குதிரையைத் திருப்பி ஓட்டிய நேர்த்தியைக் கண்டு, மருத்துவரல்லாத அவ்விருவரின் விவேகத்தை அவர் வியந்து பிற்காலத்தில் எழுதிவைத்தார்.

அச்சிறுவன் பின்னர் பள்ளிப் படிப்பை முடித்து, 1958இல் கல்லூரிப் பட்டமும் பெற்று, தன் ஊராகிய ஃபாரெஸ்டின் வங்கியில் வேலை பார்த்து, 27ஆம் வயதில் கார் ஓட்டக் கற்று, 1985இல் தாயார் மறைந்த பிறகும் அதே வீட்டில் தனித்து வாழ்ந்து, தன்னந்தனியாகப் பல தேசங்களைச் சுற்றி வந்து, 2023இல் 89ஆம் வயதில் காலமானார். அவர் வேலை பார்த்த வங்கி அவர் குடும்பத்துக்குச் சொந்தமானது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். செல்வத்தின் துணை சிறிதன்று. ஆனால் செல்வம் கொடுத்திருக்க முடியாத ஒன்றும் அவருக்குக் கிடைத்தது. அவருடைய விசித்திரங்களையெல்லாம் அறிந்திருந்தும் அவரைத் தங்களில் ஒருவராகவே வைத்துக்கொண்ட ஓர் ஊர், எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரைச் சுற்றி இருந்தது.

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் கருவிலேயே தொடங்கும் ஒரு வேறுபாடு. பெரும்பாலும் மரபணுக்களின் கூட்டு விளைவு. பிறரோடு கருத்தையும் உணர்ச்சியையும் பரிமாறிக்கொள்வதில் காணும் சிரமமும், மாறாத ஒழுங்குகளில் கொள்ளும் பற்றும், ஒலி ஒளி தொடுகை முதலியவற்றை மிகுதியாகவோ குறைவாகவோ உணரும் புலன்களின் போக்கும் அதன் லட்சணங்கள். தாயின் அன்பு குறைந்தமையால்தான் குழந்தை இவ்வாறு ஆயிற்று என்று ஒரு தலைமுறைக் காலம் மருத்துவர்களே சொல்லி வந்த அபாண்டத்தை, தாமே ஆட்டிசக் குழந்தையொன்றின் தந்தையான பெர்னார்டு ரிம்லண்ட் என்னும் உளவியலறிஞர் 1964இல் எழுதிய நூலில் தகர்த்தெறிந்தார். தடுப்பூசியாலும் அது வருவதன்று. ஏறத்தாழ நூறு குழந்தைகளில் ஒருவருக்கு இந்நிலை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது; ஆகவே ஓர் ஊர் பள்ளியில் இரண்டு மூன்று பிள்ளைகளேனும் இருப்பார்கள். அப்பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாவார்கள் என்னும் எளிய உண்மையைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். மூன்று வயதுக் குழந்தைக்குப் பேச்சு வரவேண்டும் என்று நாம் படும் பாட்டில் நூறில் ஒரு பங்கையாவது, அக்குழந்தை முப்பது வயதில் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் படுவதில்லை.

வளர்ந்த பிறகு இவர்கள் எவ்வாறு வாழ்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்கள் மிகச் சிலரே. இங்கிலாந்தில் பட்ரிஷியா ஹௌலினும் அவருடைய சகாக்களும், குழந்தைப் பருவத்தில் தங்கள் மருத்துவமனையில் பார்த்த 68 பேரை, சராசரி 29 வயதில் மீண்டும் தேடிக் கண்டு 2004இல் வெளியிட்ட ஆய்வில், நட்பு, வேலை, சுயமாக வாழும் வன்மை ஆகிய மூன்றையும் கருதி, நல்ல நிலையில் இருப்பவர்கள் 22 சதவீதம் என்றும், மோசமான நிலையில் இருப்பவர்கள் 58 சதவீதம் என்றும் கண்டனர். ஐந்தாண்டுகள் கழித்து, 2009இல், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 41 பேரைப் பற்றி வெளிவந்த ஆய்விலோ, ஏறக்குறையப் பாதிப்பேர் நல்ல நிலையில் இருந்தனர். யூட்டாவில் ஆராயப்பட்டவர்கள் குழந்தைப் பருவத்து அறிவுச் சோதனையில் சற்று உயர்ந்து நின்றவர்களாதலால், இரண்டு எண்களையும் அப்படியே தராசில் வைத்தல் தகாது. ஆயினும் அவ்வாய்விலிருந்து இரண்டு செய்திகள் நமக்குக் கிடைக்கின்றன. வளர்ந்த பிறகு வாழ்க்கை எவ்வாறு அமையும் என்பதை முன்னறிவிப்பதில், அறிவுச் சோதனையின் மதிப்பெண்ணைவிட, குளித்தல், சமைத்தல், காசைக் கையாளுதல், பஸ் ஏறுதல் போன்ற அன்றாடத் திறன்களுக்கே வலு அதிகம் என்பது ஒன்று. அவர்களுள் பெரும்பாலோர் ஒரே திருச்சபையைச் சார்ந்த, பிறந்ததிலிருந்து இறப்பு வரை ஒருவரையொருவர் விட்டுவிடாத, நெருங்கிய சமூகத்தில் வாழ்ந்தவர்கள் என்பதை ஆராய்ச்சியாளர்கள் ஒரு காரணமாகக் கருதினார்கள் என்பது மற்றொன்று.

இவ்விடத்தில் எனக்கு நம் மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தோட்டங்கள் நினைவுக்கு வருகின்றன. சுங்கை சிப்புட், செம்மோர், தாப்பா, சுங்கை, பாகான் டத்தோ வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் பிறந்து வளர்ந்த முதியவர்களைக் கேட்டால், அதிகம் பேசாத, யார் முகத்தையும் பாராத, ஆயினும் நாள் தவறாமல் ஒரே வேலையை ஒரே ஒழுங்கில் செய்து வந்த ஒரு பிள்ளையைப் பற்றி யாராவது ஒருவர் சொல்லாமல் இரார். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, பின் நிரை நிரையாகப் பால்மரங்கள், வெட்டுவதற்கு ஒரு நேரம், மரத்தில் கட்டிய கிண்ணமாகிய மங்கிலிருந்து பாலை வாளியில் சேர்ப்பதற்கு ஒரு நேரம், ஸ்டோரில் நிறுப்பதற்கு ஒரு நேரம், இன்றைக்கும் நாளைக்கும் மாறுதல் இல்லை. தாயோடு நிரைக்குச் சென்று மங்கு துடைக்கவும் கட்டிப்பாலைப் பொறுக்கவும் பழகிய பிள்ளைக்கு, அடுத்து என்ன என்ற கேள்வியே எழாது. மரமே அடுத்த மரத்தைக் காட்டும். வழி தவறினால், லயத்து மனிதர் யாராயினும் கைப்பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுவர்.

அந்தக் காலத்தைப் பொற்காலமென்று புனைவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. வறுமையாலும் கல்வியின்மையாலும் அந்த லயங்களிலேயே இப்பிள்ளைகள் கட்டிவைக்கப்பட்டதும் உண்டு, பேயோட்டுவதாகச் சொல்லி அடிக்கப்பட்டதும் உண்டு. சிறுவர்கள் உழைத்தேயாக வேண்டிய நிலையை எவரும் மீண்டும் விரும்ப மாட்டார். நான் சொல்ல வருவது வேறு. அந்த வாழ்க்கையில் ஒழுங்கும், கண்ணுக்கு முன் தெரிந்த வேலையும், பெயர் சொல்லி அழைக்கும் அயலாரும் எவருடைய முயற்சியும் இல்லாமலே அமைந்திருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அதனைத் தடுக்க, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். எனினும் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகி, லயத்து மக்கள் ஈப்போவைச் சுற்றிய மலிவு வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் சிதறிக் குடியேறினர். நான்காவது மாடியில் பூட்டிய கதவுக்குப் பின் வளரும் பிள்ளைக்கு இப்போது நிரையும் இல்லை, லயமும் இல்லை. தானாக அமைந்திருந்த அவற்றை இனி நாம் அறிந்தே அமைத்துத் தர வேண்டியிருக்கிறது. எவ்வாறு அமைப்பது என்பதற்கான அறிவை, நல்லவேளையாக, விஞ்ஞானம் ஓரளவு திரட்டி வைத்திருக்கிறது.

முதலில் அறிய வேண்டியது, இப்பிள்ளைகளின் மனம் ஓரிடத்தில் கற்றதை மற்றோரிடத்துக்கு எளிதில் எடுத்துச் செல்வதில்லை என்பது. லண்டனில் ஆராய்ந்த உத்தா ஃபிரித் என்னும் அம்மையார், முழுமையைவிடப் பகுதிகளையே நுணுக்கமாகக் காணும் ஒரு போக்கு ஆட்டிசத்தில் உண்டென்று 1989இல் எழுதினார். அப்போக்கினால்தான், பயிற்சி நிலையத்தின் நீலக் குழாயில் கைகழுவக் கற்ற பிள்ளை, வீட்டின் வெள்ளிக் குழாயின் முன் ஒன்றும் அறியாதவன் போல் நிற்கிறான். அவனுக்கு நீலக் குழாயும் பாடத்தின் ஒரு பகுதி. பிளாஸ்டிக் காசை மேசைமீது வைத்துக்கொண்டு ஓராண்டு கணக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட, அடுத்த தெருக் கடைக்கு அழைத்துச் சென்று மெய்யான நோட்டை அவன் கையாலேயே கொடுக்கச் செய்வது நூறு மடங்கு பயன் தரும். எந்த இடத்தில் அந்தத் திறன் வேண்டுமோ அந்த இடத்திலேயே, எந்தப் பொருளைக் கொண்டு செய்ய வேண்டுமோ அந்தப் பொருளைக் கொண்டே கற்பித்தல் வேண்டும்; பிறகு இரண்டாவது கடையிலும், மூன்றாவது கடையிலும், அம்மா இல்லாமல் அப்பாவுடனும் செய்துபார்த்தல் வேண்டும்.

காசு விஷயத்தில் நம் நாட்டு நோட்டுகளே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. நீலம் ஒரு வெள்ளி, பச்சை ஐந்து, சிவப்பு பத்து; கூட்டல் கழித்தல் வராத பிள்ளைக்கும் நிறம் தெரியும். இதனோடு ஒரு சிறு உபாயத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்: விலை எத்தனை வெள்ளி என்று காதில் விழுகிறதோ அதற்கு மேல் ஒரு வெள்ளி கொடுத்துவிட்டு மீதிக்குக் காத்திருத்தல். மூன்று வெள்ளி நாற்பது காசு என்று கடைக்காரர் சொன்னால், மூன்று என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நான்கு நீல நோட்டுகளை எடுத்து நீட்டினால் போதும். தசமத்தைக் கற்க முடியவில்லை என்பதற்காக ஒருவன் ஆயுள் முழுவதும் ஒரு ரொட்டி சானாய் தானே வாங்கி உண்ணாமல் இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது உபாயம், ஒரு செயலைச் சிறு சிறு படிகளாகப் பகுத்தல். சோறு வடிக்கும் வேலையை நமக்கு ஒரே வேலையாகத் தோன்றச் செய்வது பழக்கம். உண்மையில் அது இருபது வேலைகளின் கோவை. அரிசி டின்னைத் திறத்தல், டம்ளரைத் தலைதட்டி அளத்தல், கழுவுதல், கழுநீரை அரிசி சிந்தாமல் கொட்டுதல், குக்கரின் உட்புறத்தில் ஒட்டிய சிவப்புக் கோடு வரை தண்ணீர் ஊற்றுதல், வெளிப்புற ஈரத்தைத் துடைத்தல், மூடுதல், விசையைத் தட்டுதல் என ஒவ்வொன்றையும் தனியே எழுதி, எந்தப் படியில் பிள்ளை தடுமாறுகிறான் என்று பார்த்தால், அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்ற பெரும் துக்கம், அவனுக்கு டம்ளரைத் தலைதட்டத் தெரியவில்லை என்ற சிறு காரியமாகக் குறைந்துவிடும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மார்க் கோல்டு என்னும் ஆசிரியர், எதற்கும் உதவாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த இளைஞர்களுக்கு, 15 உறுப்புகள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டும் வேலையை இவ்வாறு பகுத்துக் கற்பித்துக் காட்டினார்; கற்கவில்லையென்றால் குறை கற்பவனிடத்தில் இல்லை, கற்பித்த முறையில்தான் என்பது அவர் துணிபு. அத்துணிபையே நானும் கொண்டிருக்கிறேன்.

படிகளைக் கற்பிக்கும்போது கடைசிப் படியிலிருந்து தொடங்குவது பெரும்பாலும் நன்று. முதல் நாட்களில் எல்லாவற்றையும் தாயே செய்து, விசையைத் தட்டுவதை மட்டும் பிள்ளைக்கு விடுவாள். அது பழகியபின் மூடுவதும் தட்டுவதும் அவனுடையதாகும். இவ்வாறு பின்னிருந்து முன்னாக அவன் பங்கு வளரும். ஒவ்வொரு நாளும் வேலை அவன் கையிலேயே நிறைவெய்துவதால், தொடங்கிவிட்டுத் தோற்கும் வருத்தம் அவனுக்கு நேர்வதில்லை. இதில் தாய்மாருக்கு மிகக் கடினமானது கையை எடுத்துக்கொள்ளுதல். தோளைத் தொட்டு, பெயர் சொல்லி, கண்ணால் காட்டி என்று நாம் தரும் குறிப்புகளும் செயலின் ஒரு பகுதியாக அவன் மனத்தில் பதிந்துவிடுகின்றன; அம்மா இருமினால்தான் அடுத்த படிக்குப் போவான் என்ற நிலை வந்துவிடும். தொட்டுக் காட்டியதை விரலால் காட்டி, விரலால் காட்டியதைச் சுவரில் ஒட்டிய படத்துக்கு மாற்றி, பின்னர் நாம் அறையை விட்டே விலகிவிடுதல் வேண்டும். படம் ஒருபோதும் களைப்பதில்லை. தாயாருக்குப் பிறகும் அது சுவரில் இருக்கும்.

வட கரோலினா மாநிலத்தில் எரிக் ஷோப்லர் 1972இல் மாநிலம் முழுவதற்கும் நிறுவிய டீச் என்னும் திட்டம், பெற்றோரையே உடனாசிரியராகக் கொண்டு, இத்தகைய படங்களையும் அட்டவணைகளையும் ஒரு கல்வி முறையாகவே ஆக்கிற்று. என்ன வேலை, எவ்வளவு வேலை, எப்போது முடியும், முடிந்தபின் என்ன ஆகிய நான்கு கேள்விகளுக்கும் வாய்ச்சொல் இல்லாமலே கண்ணுக்கு விடை தெரிய வேண்டும் என்பது அதன் சாரம்.

அதன் பெயரையே கேட்டிராத ஒரு வீட்டில் அந்தச் சாரத்தை நான் கண்டேன். ஈப்போவின் புந்தோங் பகுதியில் கச்சாங் பூத்தே என்னும் நொறுக்குத் தீனி செய்து பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவுண்டு. அத்தகைய ஒரு வீட்டின் பின்கட்டில், இருபது வயதைக் கடந்த ஓர் இளைஞன் ஓமப்பொடியைப் பொட்டலமிட்டுக்கொண்டிருந்தான். இடப்புறம் ஓமப்பொடிக் கூடை. எதிரே தராசு, முள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுச் சிவப்பு நாடா. வலப்புறம் பையின் வாயை ஒட்டும் சிறு இயந்திரம். அதற்கப்பால் பத்து அறைகள் கொண்ட ஒரு பெட்டி. முள் நாடாவைத் தொட்டதும் அள்ளுவதை நிறுத்தி, வாயை ஒட்டி, ஓர் அறையில் ஒரு பையாக வைத்தான். பத்தும் நிறைந்ததும் பெட்டியை வாசலருகே வைத்துவிட்டு, யாரும் சொல்லாமல் தேநீர் குடிக்கப் போனான். ஒரு நாள் அந்த நாடா பிய்ந்து விழுந்துவிட்டதாம். பையைக் கையில் பிடித்தபடி, எவ்வளவு நேரமோ, ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தானாம். அதன்பின் அந்த வீட்டம்மாள் அவனுக்குக் கற்பித்தது, தராசின் பக்கத்தில் தொங்கும் ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துவந்து தன் கையில் கொடுப்பதை. ‘ஏதாச்சும் தப்பாயிருச்சுன்னா இத எடுத்துக்கிட்டு அத்தகிட்ட வாய்யா’ என்று, ஒன்றும் தவறாத நாட்களிலும், வேண்டுமென்றே நாடாவைப் பிய்த்துவிட்டு அவனைப் பழக்கினார். இதில் அடங்கியிருக்கும் நுண்ணறிவை எண்ணி எண்ணி மகிழ்கிறேன். பிறர் உதவி இல்லாமல் வாழ்வது என்பது எவருக்கும் இயலாத காரியம். தக்க தருணத்தில், தக்க மனிதரிடம், புரியும் வகையில் உதவி கேட்கத் தெரிவதுதான் சுதந்திர வாழ்வின் பாதி.

பஸ் பயணத்துக்கும் இதுவே விதி. வீட்டிலிருந்து மேடான் கிட் பஸ் நிலையத்துக்குப் போய்வர ஒரு பிள்ளையைப் பழக்குபவர்கள், பஸ் சரியான நேரத்தில் வரும் நாட்களையே பழக்குகிறார்கள். பஸ் வராத நாள், மழையில் பாதை மாறிய நாள், கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்த நாள் ஆகியவற்றையும் ஒத்திகை பார்க்க வேண்டும். பெயரும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும், எனக்கு ஆட்டிசம் உண்டு, சற்றுப் பொறுமையாகப் பேசுங்கள் என்ற வாசகமும் மலாயிலும் தமிழிலும் எழுதிய ஓர் அட்டை சட்டைப்பையில் எப்போதும் இருக்க வேண்டும். அதை நீட்டுவதற்கும் பயிற்சி வேண்டும்.

உடல் வளர்ச்சியைப் பற்றிப் பேசப் பெற்றோர் கூசுகின்றனர். கூச்சத்தால் விளையும் கேடு பெரிது. ஆறு வயதில் குளியலறைக் கதவைத் திறந்துவைத்துக் குளித்ததையும், விருந்தாளி மடியில் ஏறி உட்கார்ந்ததையும் கொஞ்சி மகிழ்ந்தவர்கள், பதினாறு வயதில் அதே செயல் போலீஸ் நிலையம் வரை கொண்டுபோய்விடும் என்பதை அறிய வேண்டும். ஒழுங்கை உயிராகப் பற்றும் பிள்ளைக்கு, பத்தாண்டு விதியை ஒரே நாளில் மாற்றுவது பெருந்துன்பம். ஆகையால், பெரியவனானபின் எது முறையோ அதனையே சிறு வயதிலிருந்து பழக்குதல் நன்று: கதவைச் சாத்திக் குளித்தல், அறைக்குள் உடை மாற்றல், அந்நியரைக் கண்டால் கட்டிப்பிடிக்காமல் கைகூப்புதல், விருப்பமில்லாத தொடுகையை வேண்டாம் என்று மறுத்தல். பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு வருமுன்பே அதற்குரிய துணியை அணிந்து பழகச் செய்யலாம். இளம் பருவத்தில் இவர்களில் சிலருக்கு வலிப்பு புதிதாகத் தோன்றுவதுண்டு. பார்வை நிலைகுத்திச் சில கணம் உறைந்து போவது பிடிவாதம் அன்று, மருத்துவரிடம் சொல்ல வேண்டிய குறி.

அதே வேளையில், கை உதறுவதையும், முன்னும் பின்னும் ஆடுவதையும், கண்ணைப் பார்க்காததையும் திருத்துவதிலேயே குழந்தைப் பருவம் முழுவதையும் செலவிடுவதை நான் ஒப்பவில்லை. அவை எவருக்கும் தீங்கு செய்வதில்லை; பல சமயங்களில் பதற்றத்தைத் தணித்துக்கொள்ள அவர்கள் கண்ட வழி அவைதாம். மற்றவரைப் போலத் தோன்றுவது வேறு, தன் வாழ்வைத் தானே நடத்துவது வேறு.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிகிச்சை நிலையத்தில் ஆங்கிலம், பள்ளியில் மலாய், வீட்டில் தமிழ் என்றால் குழந்தை குழம்பிவிடும், ஆதலால் தமிழை நிறுத்திவிடுங்கள் என்று நம் பெற்றோருக்குச் சொல்லப்படுவது வழக்கமாகிவிட்டது. அதற்கு ஆதாரம் இல்லை. கனடாவில் கேத்தரின் ஹாம்ப்லியும் எரிக் ஃபொம்போனும் 75 ஆட்டிசக் குழந்தைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவின்படி, இருமொழிச் சூழலில் வளர்ந்தவர்களுக்கு ஒருமொழிச் சூழலில் வளர்ந்தவர்களைவிட மொழி வளர்ச்சியில் அதிகப்படியான தாமதம் ஏதுமில்லை. நாளைக்கு இவனுக்குத் துணையிருக்கப் போகிறவர்கள் அக்காவும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டுப் பாட்டியும். அவர்கள் பேசும் மொழியை இவனிடமிருந்து பறித்துவிட்டு, உறவுக்கு எங்கே போவது?

அரசாங்கத்திடமிருந்து பெறக்கூடியவை சில உள்ளன. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்கீழ், சமூகநலத் துறையில் பதிவு செய்து ஓ.கே.யு. என்னும் மாற்றுத்திறனாளி அட்டை பெறலாம்; ஆட்டிசம் அதில் கற்றல் குறைபாடு என்னும் பிரிவில் அடங்கும். முத்திரை விழுந்துவிடும் என்று அஞ்சி இதனைத் தள்ளிப்போடும் பெற்றோர், பின்னால் வரும் உதவிகள் யாவற்றுக்கும் அவ்வட்டையே வாசல் என்பதை நினைத்தல் வேண்டும். சாதாரணப் பள்ளிகளிலேயே சிறப்புக் கல்வி வகுப்புகள் உண்டு. எந்தப் பிள்ளையையும் திருப்பியனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019 முதல் நடைமுறைக்கு வந்தது. எனினும், நாட்டிலேயே மிகுதியான தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட பேராக்கில், அத்தகைய வகுப்புடைய தமிழ்ப்பள்ளிகள் மிகச் சில என்பது நம் சமூகம் உரக்கக் கேட்க வேண்டிய குறை. 1984இல் திரெங்கானுவில் தொடங்கி நாடெங்கும் பரவிய பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு நிலையங்கள், வீட்டுக்கருகில் அன்றாடத் திறன்களைப் பழக்குகின்றன. அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு ஒன்று மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988இலேயே விதிக்கப்பட்டது. ஆனால் விதியை மீறினால் தண்டனை என்று 2008ஆம் ஆண்டின் சட்டமும் சொல்லவில்லை, ஆதலால் அது இன்னும் பெரும்பாலும் நல்லெண்ணமாகவே இருக்கிறது. இவற்றுள் நான் அதிக நம்பிக்கை வைப்பது, ஜப்பானிய அரசின் ஜைக்கா நிறுவனத்தின் துணையோடு சமூகநலத் துறை இந்நாட்டில் வளர்த்த வேலைத் துணைப் பயிற்றுநர் முறையில்தான். பயிற்சியை முடித்துவிட்டு வேலைக்குப் போவதற்குப் பதிலாக, வேலையில் சேர்ந்தபின் அங்கேயே பயிற்றுநர் ஒருவர் சில வாரம் உடனிருந்து, படிகளைப் பகுத்து, முதலாளிக்கும் சக தொழிலாளிகளுக்கும் இவனைப் புரியவைத்து, பின்னர் மெல்ல விலகிக்கொள்வார். கற்ற இடத்தை விட்டு நகராத மனத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை.

இனி, உறைவிடம். பெற்றோர் இறந்தபின் எங்கே வாழ்வது என்பதை, இறந்தபின் உறவினர் கூடி முடிவு செய்யும்படி விட்டுவிடுவதே நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. தாயை இழந்த அதே வாரத்தில் வீட்டையும், படுக்கையையும், சோற்றின் ருசியையும் இழக்கும்படி நேரும் ஒருவனுடைய நிலையை எண்ணிப்பாருங்கள். பேராக்கின் தென்கோடியில், ஊத்தான் மெலிந்தாங் அருகே சிம்பாங் அம்பாட்டில், 1960களில் கிறிஸ்துவத் தொண்டர்களால் தொடங்கப்பெற்ற பெத்தனி இல்லம், கற்றல் குறைபாடும் வலிப்பும் உடையவர்களுக்குத் தோட்டப்புறத்தின் நடுவிலேயே பல்லாண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறது. இத்தகைய இடங்கள் போதா. பெரிய விடுதிகளும் வேண்டா. மூன்று நான்கு பேர் ஒரு துணையாளரோடு சேர்ந்து வாழும் சாதாரண வீடுகள், அவர்கள் பிறந்து வளர்ந்த பட்டணத்திலேயே, கோயிலும் கடையும் பழகிய முகங்களும் உள்ள தெருவிலேயே வேண்டும். சில குடும்பங்கள் கூடினால் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பது எட்டாத காரியமன்று.

அதற்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் இப்போதே தொடங்கக்கூடிய இரண்டு காரியங்கள் உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதிலேயே, ஓர் இரவு மாமா வீட்டில், பின்னர் இரண்டு இரவு அத்தை வீட்டில் என்று, தாயில்லாத இரவுகளை நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்துக் காட்டிப் பழக்க வேண்டும். திரும்பிவரும் நாளையும் அதிலேயே குறிக்க வேண்டும். மற்றொன்று, தாய் மட்டுமே அறிந்ததையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தல். எந்த மருந்து, எத்தனை மணிக்கு; பல்வலி வந்தால் சொல்லத் தெரியாமல் கன்னத்தில் அறைந்துகொள்வான் என்பது; தலைமுடி வெட்டும் இயந்திரத்தின் சத்தத்தைத் தாங்கமாட்டான், கத்தரிக்கோல் என்றால் உட்காருவான் என்பது; மீனில் முள் எடுத்துத் தரவேண்டும், கோழிக்கு வேண்டியதில்லை என்பது; இடி இடித்தால் எங்கே போய் ஒளிந்துகொள்வான் என்பது. தங்கையோ தம்பியோ அதனை ஆண்டுக்கு ஒருமுறை தாயோடு உட்கார்ந்து படித்து, மாறியதை அடித்து, புதியதைச் சேர்த்து வருவார்களானால், பின்னொரு நாள் அவ்வீட்டுக்குள் துணையாளராக நுழையும் எவரும் முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டியிராது.